சட்டையை ஒளித்து வைத்தவர்கள்

படம் தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, அம்மா போய்விட்டாள்.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். தரையில் தலையணைகளைப் பரப்பிக்கொண்டு நானும் மகளும் 'சாங் ஆஃப் த சீ' பார்க்க உட்கார்ந்திருந்தோம். 2014இல் வந்த அயர்லாந்துப் படம். போஸ்டரில் ஒரு சின்னப் பெண், சீல்கள் என்கிற கடல்நாய்கள், கடல். குழந்தைக்குப் போட்டுக் காட்ட இது போதாதா? ஒரு படத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் பிள்ளைக்குக் காட்டும் அளவுக்குப் பொறுப்பான அப்பன் நான் இல்லை. கலங்கரை விளக்கத்தில் குடியிருக்கும் நிறைமாதக் கர்ப்பிணி தன் மகனோடு சுவரில் படம் வரைகிறாள், பாடுகிறாள், காதில் வைத்துக் கேட்க ஒரு சங்கைக் கொடுக்கிறாள். அன்று இரவே அவனை விட்டுவிட்டு ஓடுகிறாள். அடுத்து நாம் பார்க்கும்போது ஆறு வருஷம் கடந்துவிட்டது. பையன் வளர்ந்திருக்கிறான், அவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், அப்பா எதிலும் ஒட்டாமல் நடமாடுகிறார். அம்மா இல்லை.

என் மனைவி அப்போது வேறொரு நாட்டில் இருந்தாள். இரண்டு வருஷ ஒப்பந்த வேலை. எட்டு மாதம் முடிந்திருந்தது. மகளுக்கு ஆறு வயது. படத்தில் வாய் திறந்து பேசாத அந்தத் தங்கைக்கும் ஆறு. நான் மெதுவாக ரிமோட்டைத் தேடினேன்.

"நிறுத்தாதப்பா," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முழுப் படத்தையும் பார்த்தோம். மறுநாள் மறுபடியும் கேட்டாள், மறுபடியும் பார்த்தோம். அவள் அழவில்லை. நான்தான் இரண்டு இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து நாட்டார் கதைகளை வைத்து வரைந்த படங்களாகத் தேடிப் பிடித்துப் பார்ப்பது எங்கள் வார இறுதி வேலையாகிவிட்டது. எல்லாமே நல்ல படங்கள் என்று சொல்லமாட்டேன். பாதி படங்களில் நான் தூங்கியிருக்கிறேன். தூங்கவிடாத படங்களில் என்ன இருந்தது என்று யோசித்தபோது, விசித்திரமாக, திரும்பத் திரும்ப ஒரு துணிதான் கண்ணில் பட்டது.

முதலில் அந்தச் சீல் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி, ஷெட்லாண்ட் தீவுகளிலும் அயர்லாந்தின் கரையோரங்களிலும் 'செல்கி' என்று ஒரு பிறவியைப் பற்றிச் சொல்வார்கள். கடலில் இருக்கும்வரை சீல். கரையேறித் தோலைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டால் பெண். மீனவன் ஒருவன் மறைந்திருந்து பார்க்கிறான். ஒரு தோலை எடுத்து ஒளித்துவைத்துவிடுகிறான். தோல் இல்லாமல் அவளால் கடலுக்குத் திரும்ப முடியாது. வேறு வழியில்லாமல் அவனைக் கட்டிக்கொள்கிறாள், பிள்ளை பெறுகிறாள், நல்லபடியாகத்தான் குடித்தனம் நடத்துகிறாள். பல வருஷம் கழித்து ஒருநாள், வீட்டில் எதையோ துழாவிக்கொண்டிருந்த குழந்தையின் கையில் அந்தத் தோல் அகப்படுகிறது. "இது என்னம்மா?" என்று கொண்டுவந்து நீட்டுகிறது. அவ்வளவுதான். அவள் அதைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறாள்.

இதில் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்த ஓர் இடம் உண்டு. தோலைக் கண்டுபிடிக்கும் வேலையை ஏன் குழந்தையிடம் கொடுத்தார்கள்? அவளே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு போனாள் என்று சொல்லியிருந்தால் கதைக்கு என்ன குறைந்துவிடும்? ஆனாலும் பல ஊர்களில் பல வாய்களில் இந்தக் கதை பிள்ளை கையால்தான் முடிகிறது. கதை சொன்னவர்கள் யாரும் காரணம் சொல்லி வைக்கவில்லை.

டாம் மூர் இயக்கிய அந்தப் படம், கதையைக் கரையில் விடப்பட்ட பிள்ளைகளின் பக்கத்திலிருந்து பார்க்கிறது. அயர்லாந்தின் டிங்கிள் பகுதிக்கு விடுமுறைக்குப் போயிருந்தபோது, அடித்துக் கொல்லப்பட்டுக் கரையில் கிடந்த சீல்களைப் பார்த்ததுதான் அவருக்கு முதல் பொறி. மீன் குறைந்ததற்குச் சீல்கள்மேல் பழி. செல்கி கதையை நம்பிய தலைமுறையாக இருந்தால் இப்படிக் கைவைத்திருக்குமா என்ற பேச்சு அங்கே வந்திருக்கிறது. கதை போனால் கூடவே வேறு சிலதும் போகும் என்பதை அவர் எந்தப் பிரசங்கமும் இல்லாமல் படத்துக்குள் வைத்திருக்கிறார்: ஊரில் உள்ள தேவதைகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கல்லாகிக்கொண்டிருக்கின்றன.

தமிழில் இந்தக் கதையைச் சொல்வது மிகச் சுலபம் என்பதை அன்று இரவு கண்டுகொண்டேன். பாம்பு உரித்துப்போட்டதையும் நாம் சட்டை என்றுதானே சொல்கிறோம்? "சீல் சட்டையைக் கழற்றி வெச்சதும் பொண்ணாயிடுச்சு" என்றேன். மகள் தலையாட்டினாள். மேற்கொண்டு எந்த விளக்கமும் கேட்கவில்லை.

அந்தச் சட்டை எங்கெல்லாம் தொங்குகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஐரோப்பாவில் அன்னப்பறவைப் பெண்ணின் இறகாடை. ஜப்பானில் வானத்துப் பெண் பைன் மரக்கிளையில் மாட்டிவைக்கும் 'ஹகோரோமோ'. 'நோ' என்ற பழைய ஜப்பானிய நாடக வகையில் நடிக்கப்படும் வடிவத்தில், அதை எடுத்துக்கொண்ட மீனவன், ஆடிக் காட்டினால் தருகிறேன் என்கிறான். ஆடை இல்லாமல் ஆட முடியாது என்கிறாள் அவள். முதலில் கொடுத்துவிட்டால் ஆடாமல் பறந்துவிடுவாயே என்கிறான். சந்தேகமெல்லாம் மனிதர்களுக்குத்தான், வானத்தில் பொய் கிடையாது என்று அவள் சொன்னதும் வெட்கப்பட்டுக் கொடுத்துவிடுகிறான். அவளும் சொன்னபடி ஆடிவிட்டே போகிறாள். எனக்குத் தெரிந்த சட்டைக் கதைகளில் கொஞ்சமாவது மானம் உள்ள ஆண் இவன் ஒருவன்தான்.

இன்னொன்றைத் தற்செயலாகப் பார்த்தோம். இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் ஆகப் பழையது, 1926இல் ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் செய்த இளவரசன் அஹ்மதின் கதை. மூலம் ஆயிரத்தொரு இரவுகள். கறுப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, மூட்டுக்கு மூட்டு கோத்து, கண்ணாடிமேல் வைத்துக் கீழிருந்து வெளிச்சம் பாய்ச்சி, ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு படம், இன்னொரு மயிரிழை நகர்த்தி இன்னொரு படம் என்று மூன்று வருஷம் எடுத்தார். யாருக்கும் முகம் கிடையாது, வெறும் நிழல். அதில் பறவை உருவில் வந்திறங்கும் பரி பானு இறகாடையைக் கழற்றிவிட்டு ஏரியில் குளிக்கிறாள். அஹ்மத் அதை எடுத்துக்கொள்கிறான். அதே சட்டை! ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால், நம் கைக்கு வந்துசேர்ந்திருக்கும் முதல் முழுநீளப் படத்திலேயே. "இவனும் திருடனா?" என்று அலுத்துக்கொண்டாள் மகள்.

இந்தக் காட்சியை நடிகர்களை வைத்து எடுத்துப்பாருங்கள். குளிக்கும் நடிகையைக் கேமரா எப்படிக் காட்டுவது என்ற சங்கடம் ஒரு பக்கம். இறகாடை நம்பும்படி இருக்கிறதா, கம்பி தெரிகிறதா, உருமாறும்போது கிராஃபிக்ஸ் ஒட்டாமல் நிற்கிறதா என்ற கவலை இன்னொரு பக்கம். நிஜமாகக் காட்டினால் நிஜமா என்று கேட்கத் தோன்றும். பாட்டி "சட்டையைக் கழற்றினாள், பெண்ணானாள்" என்று சொன்னபோது யாரும் கேட்கவில்லை. வரைந்த கோட்டிடமும் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அந்தப் பெண்ணும் கோடு, சீலும் கோடு, கடலும் கோடு. ஒரு கோடு வளைந்து இன்னொன்றாவதற்கு அத்தாட்சி எதற்கு? நாட்டார் கதையில் ராஜாவின் மூக்கு எப்படி இருந்தது என்று வராது; "ஒரு ஊர்ல ஒரு ராஜா", அதோடு சரி. மிச்சத்தைக் கேட்பவர்தான் போட்டுக்கொள்ளவேண்டும். நல்ல அனிமேஷன் படமும் அதே கணக்கில் பாதியை நம்மிடம் விட்டுவிடுகிறது. ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாகத் தெரியும் இன்றைய கணினிப் படங்களில் சில எனக்குச் சலிப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். போட்டுக்கொள்ள இடமே விடமாட்டேன் என்கிறார்கள்.

இதை எனக்குப் பிடரியில் அடித்துச் சொன்ன படம் ககுயா இளவரசியின் கதை. ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் ஸ்டுடியோவுக்காக இசாவோ தகஹாதா இயக்கியது, 2013இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 78. கிட்டத்தட்ட எட்டு வருஷ வேலை, சுமார் 500 கோடி யென் செலவு. இவ்வளவையும் செலவழித்துவிட்டு, பென்சிலால் அவசரமாகக் கிறுக்கி நீர்வண்ணம் தொட்டுவைத்தது போன்ற ஒரு படத்தைக் கொடுத்தார். காகிதத்தின் வெள்ளை ஓரமெல்லாம் அப்படியே தெரிகிறது. மூலக்கதையான மூங்கில் வெட்டுகிறவர் கதை, ஜப்பானிய உரைநடைக் கதைகளில் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் ஆகப் பழையது என்கிறார்கள். ஆயிரம் வருஷப் பழசு. மூங்கில் கணுவுக்குள் விரல் நீளப் பெண் குழந்தை. கிழவனும் கிழவியும் வளர்க்கிறார்கள். மூங்கிலுக்குள்ளிருந்தே தங்கமும் பட்டும் வர, அவளை இளவரசியாக்கத் தலைநகருக்கு அழைத்துப்போகிறார் கிழவர்.

பெயர் சூட்டும் விழா. மூன்று நாள் விருந்து. அவள் திரைக்குப் பின்னால் உட்கார்த்திவைக்கப்பட்டிருக்கிறாள். வெளியே குடித்திருந்தவர்கள் அவளை ஏளனமாகப் பேசுவது காதில் விழுகிறது. கையிலிருந்த கிளிஞ்சல் நொறுங்குகிறது. அப்புறம் ஓடுகிறாள். கதவுகளைப் பிளந்துகொண்டு, தெருவைத் தாண்டி, ஊரைத் தாண்டி. ஓட ஓட அடுக்கடுக்காகப் போர்த்தியிருந்த பட்டாடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று பின்னால் விழுகின்றன. ஆடை விழ விழ ஓவியமும் கழன்றுபோகிறது. வண்ணம் போயிற்று. ஒழுங்கான கோடு போயிற்று. கரித்துண்டால் இழுத்த முரட்டுக் கீறல்களாக மரம், புல், கால், முடி. அவள் எது, காடு எது என்று தெரியவில்லை. மேலே நிலா மட்டும் உருண்டையாக நிற்கிறது. ஒரு நிமிஷம்தான் இருக்கும். கேமராவும் நடிகையும் சேர்ந்து எத்தனை டேக் போனாலும் இது வராது. ஓடுகிற பெண்ணின் உடம்போடு சேர்ந்து படமே தன் தோலை உரிக்கிறது.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ககுயா மறுபடியும் அதே விருந்து அறையில் கண் விழிப்பதைப் பார்த்து, "அப்போ ஓடவே இல்லையா?" என்றாள். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

கடைசியில் நிலாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மேகத்தின்மேல் ஊர்வலம், கூடவே ஏதோ திருவிழா போலக் குதூகலமான இசை. துக்க வீட்டு வாசலில் பேண்டு வாத்தியம் வாசித்துக்கொண்டு போவது மாதிரி அது நெஞ்சைப் பிசைகிறது. இந்தப் பூமி அழுக்குதான், ஆனாலும் இங்கே என்னென்ன இருக்கிறது தெரியுமா என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வாக்கியத்தின் நடுவில், தோளில் ஓர் ஆடை விழுகிறது. முகம் வெறிச்சோடிவிடுகிறது. அதைப் போர்த்தினால் பூமியின் நினைவு அழிந்துவிடும். பழைய கதையில் இதற்குப் பிறகு ஒரு வால் உண்டு: அவள் விட்டுப்போன சாகாமருந்தை, அவள் இல்லாமல் சாகாமல் இருந்து என்ன செய்ய என்று சக்கரவர்த்தி ஒரு மலையுச்சியில் எரிக்கச் சொல்கிறார், அதுதான் ஃபூஜி மலை என்று. தகஹாதா அதைத் தொடவில்லை. மறந்தவள் ஒருமுறை திரும்பி நீலப் பூமியைப் பார்க்கிறாள், கண்ணில் நீர். ஏன் என்று அவளுக்கே தெரியுமோ தெரியாதோ.

"அந்தச் சட்டையும் இந்தச் சட்டையும் வேற வேற," என்றாள் மகள், பல் தேய்த்துக்கொண்டே. "சீல் அம்மா தானே போட்டுக்கிட்டாங்க. இவங்களுக்கு வேற ஆளுங்க போட்டுவிட்டுட்டாங்க."

அவ்வளவு கூர்மையாக நான் யோசித்திருக்கவில்லை.

அப்புறம் 2001இல் வந்த மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' பார்த்தபோது சட்டை வருகிறதா என்று அவளே காவல் இருந்தாள். வந்தது. தேவர்களும் ஆவிகளும் குளிக்க வரும் மாளிகையில் வந்து மாட்டிக்கொண்ட சிறுமி சிஹிரோவின் பெயரைப் பறித்து 'சென்' என்று சுருக்கிவிடுகிறாள் அதை நடத்தும் கிழவி. மறுநாள் அங்கே வேலைசெய்யும் பையன் ஹாகு அவளுடைய பழைய உடுப்பை மறைவாகக் கொண்டுவந்து கொடுக்கிறான். வீட்டுக்குப் போக இது வேண்டும், ஒளித்துவை என்கிறான். அந்தத் துணிக்குள் தோழி கொடுத்த வாழ்த்து அட்டை இருக்கிறது, அதில் அவள் பெயர் இருக்கிறது. அதைப் படித்துப் பார்க்கும்போதுதான் அவளுக்கே தெரிகிறது, தன் பெயரைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டோம் என்று. முதன்முறையாக ஒருவன் சட்டையை அவளுக்காக ஒளித்துவைக்கச் சொல்கிறான், அவளிடமிருந்து ஒளிக்கவில்லை. மகள் அவனுக்கு மன்னிப்பு வழங்கினாள்.

இந்தப் படங்களில் எனக்கு ஒரு குறையும் உண்டு. படம் கதையை உறையவைத்துவிடுகிறது. ஒருநாள் படுக்கையில் ஸ்னோ ஒயிட் கதையை கிரிம் சகோதரர்களின் புத்தகத்தில் உள்ளபடி சொன்னேன்: கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிப்போகிறவர்கள் கால் இடறுகிறார்கள், குலுங்கிய குலுக்கலில் தொண்டையில் சிக்கியிருந்த ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது, அவள் எழுந்து உட்காருகிறாள். "இல்ல. முத்தம் குடுத்தாதான் எழுந்திரிப்பா. நீ தப்பா சொல்ற," என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். 1937இல் டிஸ்னி வைத்த முத்தம் அது. குள்ளர்களுக்குப் பெயர்கூட கிரிம்மில் கிடையாது. எனக்குக் கோபம்தான், ஆனால் நியாயமாகப் பார்த்தால் கிரிம் சகோதரர்கள் மட்டும் யோக்கியமா? 1812இல் வந்த முதல் பதிப்பில் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாயேதான். 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாயாக்கிவிட்டார்கள். பெற்றவள் இப்படிச் செய்வாள் என்று குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது என்ற தயக்கம். அதன் பிறகு உலகத்தில் உள்ள சித்திகளெல்லாம் பழி சுமக்கிறார்கள்.

அதைவிட எரிச்சல், எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லியே தீருவேன் என்று நிற்கும் படங்கள். சூனியக்காரிக்கு ஒரு சோகமான பள்ளிப் பருவம், பூதத்துக்கு ஒரு மனக்காயம், நாயகிக்கு மலை விளிம்பில் நின்று தன் ஆசையைப் பட்டியல் போட ஒரு பாட்டு. மிஷேல் ஓசலோவின் 'கிரிகூ'வும் (1998, மேற்கு ஆப்பிரிக்கக் கதை) காரணம் கேட்கிற படம்தான். சுண்டுவிரல் அளவு பையன் ஊரில் எல்லோரிடமும் கேட்கிறான்: சூனியக்காரி கராபா ஏன் கெட்டவளாக இருக்கிறாள்? கிடைக்கிற பதில்: ஆண்கள் சேர்ந்து அவள் முதுகெலும்பில் ஒரு விஷமுள்ளை இறக்கியிருக்கிறார்கள், இரவும் பகலும் வலி. அவன் போய்ப் பல்லால் கடித்துப் பிடுங்குகிறான். இந்தக் காரணத்தைக் கையால் தொடலாம், பல்லால் பிடுங்கலாம். அதனால் மன்னித்துவிட்டேன்.

மறுபடியும் முதல் படத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது அதுதான். அதில் மாக்கா என்று ஓர் ஆந்தைக் கிழவி. அவள் மகன் பெரிய ராட்சதன், துக்கம் தாங்காமல் அழுது கடலையே பெருக்கிவிட்டான். பிள்ளை படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் அவன் உணர்ச்சிகளை எடுத்துவிட்டாள், அவன் மலையாகிவிட்டான். அவளுக்கு அது நல்லதாகப்பட்டது. அதிலிருந்து எல்லோருடைய துக்கத்தையும் ஜாடிகளில் அடைத்து மூடிவைக்கிறாள். தன்னுடையதையும்தான், அவளே பாதி கல்லாகிவிட்டாள். அவளுக்கும், பேரப்பிள்ளைகளை நகரத்துக்குக் கூட்டிப்போய்விடும் பாட்டிக்கும் ஒரே முகச்சாயல், ஒரே நடிகையின் குரல். ராட்சதனுக்கும் கலங்கரை விளக்கத்து அப்பாவுக்கும் அதேபோல. படம் இதை எடுத்துச் சொல்வதில்லை. பெரியவர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள், சின்னவர்கள் சொல்லாமலே வாங்கிக்கொள்வார்கள். குடும்பத்தோடு பார்க்கும் படம் என்றால் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு என்று நான் நினைத்திருந்தேன். நானும் மகளும் ஒரே தலையணையில் சாய்ந்துகொண்டு இரண்டு படம் பார்த்திருக்கிறோம்.

ஒருநாள் வீடியோ காலில் மனைவியிடம், இங்கே எல்லாம் நல்லா இருக்கு, நீ கவலைப்படாதே என்று வழக்கமான பல்லவியைப் பாடிவிட்டு வைத்தேன். மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"ஜாடில போட்டு மூடிட்டியாப்பா?"

அன்றைக்கு நான் திரும்ப அழைத்து, காய்ச்சலோடு இருந்ததைச் சொன்னேன்.

மனைவி விடுமுறையில் இரண்டு வாரம் வந்துவிட்டுத் திரும்பவேண்டிய நாளுக்கு முந்தின இரவு, அவளுடைய சாம்பல்நிற ஸ்வெட்டரைக் காணவில்லை. போய் இறங்கும் ஊரில் கடும் குளிர். அலமாரி, துவைக்கும் இயந்திரம், கட்டிலடி என்று பதினொரு மணிவரை தேடினோம். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், அல்லது தூங்குவது போலக் கிடந்தாள். அவளுடைய பொம்மைப் பெட்டியின் மூடிக்கு வெளியே சாம்பல்நிறத்தில் ஒரு கைப்பகுதி எட்டிப்பார்த்ததை இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பார்த்தோம். எடுக்கப்போனேன். மனைவி என் தோளைத் தொட்டு வேண்டாம் என்று தலையசைத்தாள். கைப்பகுதியை உள்ளே தள்ளி மூடியைச் சரிசெய்தாள்.

காலை நாலரைக்கு வண்டி வந்துவிட்டது. பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். மகள் கலைந்த தலையோடு வாசலுக்கு வந்தாள், இரண்டு கையாலும் ஸ்வெட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு. அம்மா குனிந்ததும் அதை அவளே விரித்துப் பிடித்தாள். பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டாள். கடைசியில் ஒரு பொத்தான் துளை இல்லாமல் மிச்சமாக நின்றது.

"குளிரும்ல," என்றாள்.